மணலுக்குள் கிடந்த பெண்

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து இந்தக் கலையகத்துக்கு வந்து சேர எனக்கு இன்றைக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. காலி வீதியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இதைப்போல இரண்டு மடங்கு நேரம் இருந்தால், ஓர்க்னித் தீவுகளின் தலைநகரான கேர்க்வோலில் கப்பலேறி வெஸ்ட்ரே என்ற தீவில் இறங்கிவிடலாம். ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, மரமே அரிதான தீவு அது. சனத்தொகை 600 அளவில். மகள் அபர்டீனில் இருப்பதால் எனக்குப் போய்ப் பார்க்கக் கிடைத்தது.

நான் போனது ஒரு பெண்ணைப் பார்க்க. அவள் உயரம் 4 சென்ரிமீற்றர்தான், நெருப்புப்பெட்டியை விடச் சின்னவள். மணற்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டு புள்ளி, அதற்கு மேலே புருவமாக ஒரு வளைகோடு. நெஞ்சில் இரண்டு வட்டம். அது மார்பு என்கிறார்கள் சிலர். உடுப்பைப் பூட்டும் கொளுக்கி என்கிறார்கள் வேறு சிலர். வயது ஏறத்தாழ 5,000. ஊரார் அவளை ‘வெஸ்ட்ரே வைஃப்’ என்கிறார்கள். யாருடைய மனைவி என்று நானும் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்துப் பேச்சில் வைஃப் என்றால் பெண், அவ்வளவுதானாம்.

அவள் 2009இல் வெளியே வந்த இடத்தின் பெயர் லிங்க்ஸ் ஒஃப் நொல்ட்லாந்து. லிங்க்ஸ் என்றால் கடலோர மணல்வெளி. நொல்ட் என்றால் மாடு. மாட்டு மணல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு அங்கே ஒரு கட்டடத்தைத் தோண்டினால், சுவரின் அடியில் 28 மாட்டு மண்டையோடுகள், கொம்போடு கவிழ்த்து அடுக்கியிருக்கின்றன! பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அது பல ஆயிரம் வருடம் கழித்து வந்த பெயர்.

அந்த மண்டையோடுகள் மிஞ்சியதற்குக் காரணமும் மணல்தான். அங்கத்தைய கடற்கரை மணலில் பாதிக்குப் பாதி நொறுங்கிய சிப்பி. அதாவது சுண்ணாம்பு. அதற்குள் எலும்பு கெடாமல் கிடக்கும். புளிப்பு ஏறிய சதுப்பு மண்ணாக இருந்திருந்தால் கரைந்தே போயிருக்கும். ஆனால் மூடிய மணலை அதே காற்று திரும்பவும் அள்ளிக்கொண்டு போகிறது. புல் போகிறது, முயல் வளை தோண்டுகிறது, ஒரு புயலுக்கு ஒரு சுவர் தெரிகிறது, அடுத்த புயலில் அந்தச் சுவரே இல்லை. அங்கே ஆய்வாளர்கள் தோண்டியது ஆசைக்கு அல்ல, காற்றோடு போட்டி போட்டு.

ஓர்க்னியின் பெரிய தீவில் இருக்கும் ஸ்காரா பிரே கிராமத்தையும் 1850இல் ஒரு புயல்தான் திறந்துவிட்டது. கல் வீடு, கல் கட்டில், கல் அலுமாரி. மரம் இல்லாத ஊரில் வேறு எதில் செய்வது? 1928இல் கோர்டன் சைல்ட் என்ற பேராசிரியர் அங்கே தோண்ட வந்தார். சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தில் தொல்லியல் துறையின் பெரிய பெயர். அவரே அதை இரும்புக் காலத்து ஊர் என்று நினைத்தார். 1970களில் கரிமத் தேதியிடல் செய்து, அதாவது எலும்பு போன்றவற்றில் மிஞ்சிய கரிமத்தை அளந்து வயதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது கி.மு. 3100க்குக் கிட்டப் போய் நின்றது. எகிப்தின் பெரிய பிரமிட்டுக்கும் முந்தியது.

மணல்மேடு அறிஞரையும் ஏமாற்றும், ஏனென்றால் அதன் படைகளை, அதாவது மண் அடுக்குகளை, அப்படியே நம்ப முடியாது. காற்று மணலை மட்டும் தூக்கும், கனமானதை விட்டுவிடும். கீழே உள்ள மணல் போகப் போக, மேலே கிடந்தது மெல்ல இறங்கி, கீழே கிடந்ததோடு போய்ச் சேர்ந்துவிடும். ஆயிரம் வருடத்துப் பானை ஓடும் போன வருடத்துச் சோடா மூடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

இப்போது இதற்கு ஒரு வழி உண்டு. மணலையே கேட்கிறார்கள். ஒரு மணல்மணி வெயில் படாமல் புதைந்து கிடக்கும் காலமெல்லாம், சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைத் தனக்குள் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஆய்வுகூடத்தில் அதன்மேல் ஒளி பாய்ச்சினால் சேர்த்ததை மினுக்கமாக விட்டுவிடும். அந்த மினுக்கத்தை அளந்தால், அது கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று கணக்குப் போடலாம். அதனால்தான் இரும்புக் குழாயை மணற்சுவரில் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மூடிக் கொண்டுபோய், சிவப்பு விளக்கு அறையில் திறக்கிறார்கள். பழைய புகைப்படக் கடை இருட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பொருள் கிடந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் மேற்கே உள்ள லூயிஸ் தீவின் சதுரங்கக் காய்களைப் பாருங்கள். வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் கடைந்தவை, 12ஆம் நூற்றாண்டுக் காலத்தவை. 1831இல் அந்தத் தீவின் ஊய்க் கடற்கரை மணலில் கிடைத்ததாக வெளியே தெரியவந்தது. பெரும்பகுதி லண்டனில், 11 எடின்பரோவில். ஒரு காயை 1964இல் ஒருவர் 5 பவுணுக்கு வாங்க, அது வீட்டு லாச்சிக்குள் கிடந்து 2019இல் 7,35,000 பவுணுக்கு ஏலம் போனது. ஆனால் மணலில் எந்த இடத்தில், எதன் பக்கத்தில், எந்தப் படையில்? அது பதியப்படவே இல்லை. ஒரு மாடு கொம்பால் கிளறியது என்ற கதைதான் மிச்சம். அங்கேயும் மாடு!

சரி, இடத்தைக் குறிக்காமல் பொருளை எடுக்கும் அந்த வேலையை நானும் செய்தவன்தான். சின்ன வயதில் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் மணற்காட்டு மணலில் ஏறி விளையாடும்போது, மினுங்குகிற பச்சைப் பூச்சுள்ள ஓட்டுத்துண்டு ஒன்று அகப்பட்டது. ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைத்தேன். எத்தனையோ தரம் வீடு மாறியும் அது என்னோடு வந்தது. கொழும்புக்கு வந்தபிறகு, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கே எடுத்தது?” மணலில் என்றேன். “மணலில் எங்கே? எவ்வளவு ஆழத்தில்? பக்கத்தில் வேறு என்ன கிடந்தது?” எனக்கு ஞாபகம் இருந்தது அன்றைக்கு அம்மாவிடம் வாங்கிய அடி மட்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் ஓட்டை என் கையில் வைத்தார்.

பழைய எழுத்துப் பொறித்த பொன்தகடான வல்லிபுரத்துப் பொன்னேடு 1936இல் கிடைத்ததும் அதே வடமராட்சி மணற்பகுதியில்தான். எங்கள் மணலும் ஓர்க்னி மணலும் வேறு வேறு. ஆனால் காற்று இரண்டிலும் ஒரே வேலைதான் செய்கிறது.

வெஸ்ட்ரே கடற்கரையில் நடந்தபோது பேத்தி முன்னால் ஓடினாள். திடீரென்று குனிந்து எதையோ தூக்கினாள், பச்சையாக மினுங்கியது. “பிள்ளை, இருந்த இடத்திலேயே வை!” என்று நான் போட்ட சத்தத்தில் பறவைகள் எழும்பிவிட்டன. அவள் பயந்து வைத்தாள். கைத்தடியைப் பக்கத்தில் அளவுக்கு வைத்து, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தோம். பிறகுதான் குனிந்து பார்த்தேன். யாரோ குடித்துவிட்டு எறிந்த பியர்ப் போத்தலின் அடி.