முத்திரை போட்ட கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். தேர்தலுக்குச் சில நாள் முன்பு உங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே அரசு முத்திரை. வாக்காளர் தகவல் கையேடு என்று தலைப்பு. தேர்தல் அலுவலகம்தான் அனுப்பியிருக்கும் என்று நினைப்பீர்கள், இல்லையா?

2014 அக்டோபரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். அனுப்பியவர்களோ இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள். போன கடிதங்கள் ஏறக்குறைய 1 லட்சம். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டவர்களே 4 லட்சத்தை எட்டவில்லை. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கும் அப்போது போட்டி. அதில் வேட்பாளருக்குக் கட்சி கிடையாது. கடிதத்தில் ஒரு கோடு: ஒரு பக்கம் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா, மறுபக்கம் குடியரசுக் கட்சியின் ராம்னி, இந்த நீதிபதி வேட்பாளர்கள் யார் பக்கம் எவ்வளவு நெருக்கம் என்று புள்ளி வைத்திருந்தார்கள். கட்சி வேண்டாம் என்று விலக்கி வைத்த போட்டிக்குள் கட்சி வந்துவிட்டது. இது ஆய்வு என்ற விஷயம் அடியில் சின்ன எழுத்தில். புகார் கிளம்பியது. இரண்டு பல்கலைக்கழகத் தலைவர்களும் வாக்காளர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்லவில்லை. கூடுதல் தகவல் கொடுத்தால் மக்கள் ஓட்டுப் போட வருவார்களா என்பது நல்ல கேள்விதான். ஆனால் தராசைப் பிடித்திருப்பவர் விரல் தட்டில் பட்டுவிட்டது. மண்ணை ஆராய்பவர் முடிவைச் சொன்னால் மண் மாறாது. அரசியலை ஆராய்பவர் கேள்வி கேட்டாலே மனிதர் மாறுவார். எங்கள் அரசியல் அறிவியல் துறையின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சரி, தேர்தல் முடிவைப் புரட்டாமல் இப்படி ஓர் ஆய்வை எப்படிச் செய்யலாம்? மனக்கணக்கே போதும். சென்ற முறை ஒரு தொகுதியில் வெற்றி வித்தியாசம் 2,000 ஓட்டு என்போம். 400 வீட்டுக்குக் கடிதம் போகிறது, வீட்டுக்கு 3 ஓட்டு, மொத்தம் 1,200. 2,000-க்குக் கீழேதானே என்று தோன்றும். தப்பு. ஒருவர் அணி மாறினால் இங்கே 1 குறைந்து அங்கே 1 கூடும். வித்தியாசம் 2 நகரும். 1,200 பேரும் மாறினால் 2,400. முடிவே புரண்டுவிடும். ஆகவே வித்தியாசத்தில் பாதிதான் கணக்கு: கடிதம் போகும் ஓட்டு 1,000-க்கும் குறைவாக இருக்க வேண்டும். கடிதம் வாங்கியவர் பக்கத்து வீட்டில் பேசாமலா இருப்பார்? ஆகவே அதிலும் பாதி, 500 ஓட்டு, சுமார் 165 வீடு. போட்டி இழுபறி என்றால் அந்தத் தொகுதியையே விட்டுவிட வேண்டும்.

அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் 2020-ல் ஏற்ற நெறிமுறைகளும், தனி மனிதருக்கு வரும் தீங்கோடு அரசியல் நடைமுறைக்கு வரும் பாதிப்பையும் பார்க்கச் சொல்கின்றன.

அடுத்தது கருத்துக்கணிப்பு. 1,000 பேரைச் சரியாகக் குலுக்கல் முறையில் எடுத்துக் கேட்டால் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலை கூடவோ குறையவோ இருக்கக்கூடிய அளவு, சுமார் 3 சதவீதம். ஒருவருக்கு 44, இன்னொருவருக்கு 41 என்றால் 3 முன்னிலை என்று செய்தி வரும். ஒருவருக்குக் குறைந்தால் மற்றவருக்குக் கூடலாம் என்பதால், அந்த இடைவெளிக்கான பிழை வரம்பு 6-ஐ ஒட்டி வரும். அதனால் யார் முன்னிலை என்றே சொல்ல முடியாது. அதற்குள் இளைஞர்கள் மட்டும் 100 பேர் என்று பிரித்தால் பிழை 10. பேச மறுத்துத் தொலைபேசியை வைத்தவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆய்வாளருக்கு இது தெரியும். ‘இழுபறி என்று போடுங்கள்’ என்று செய்தியாளரிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களாம்!

நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். பதில் சொன்ன மக்களிடம் ஆய்வின் முடிவு திரும்பப் போக வேண்டும்: 2 பக்கம், அவர்கள் பேச்சுமொழியில், கட்டுரை அச்சேறக் காத்திருக்காமல். பதில் சொன்னவர் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்’ என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும். அதையும் நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நன்றி, வணக்கம்.