இந்தத் தகடு இல்லன்னா கோச்சி நகராது! | கடுகண்ணாவ ரயில் நூதனசாலை

உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு வட்டத் தகடு. இது கைக்கு வராம மலைநாட்டுல எந்த டிரைவரும் கோச்சிய எடுக்க மாட்டார். ஏன்? சொல்றேன், ஓடிறாதீங்க.

வணக்கம் மக்களே! நிக்கிறது கடுகண்ணாவ ஸ்டேசன் பக்கத்துல. வரலாறு சட்டுனு: 1864 டிசம்பர் 27, கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி. 1867-ல கண்டி. எல்லாம் கோப்பி மூட்டைய இறக்கத்தான். ரெண்டே வருசம், 1869-ல கோப்பி இலையில நோய்! பாதை போட்டது கோப்பிக்கு, ஏறி உக்காந்தது தேயிலை. நம்ம பாட்டிமார் பறிச்ச கொழுந்து இந்த வழியாத்தான் துறைமுகம் போச்சு.

ரம்புக்கனையிலிருந்து இங்க வர்றது 45 அடிக்கு 1 அடி ஏத்தம். கரிக்கோச்சி காலத்துல பின்னால இன்னொரு இஞ்சின் முட்டுக் கொடுத்துத் தள்ளும். 2009-ல மருதானையில பழைய டெர்மினஸ் கட்டடத்துல தொடங்கின நூதனசாலைய, ரயில் ஓடத் தொடங்கின 150-வது வருசத்துக்கு, 2014-ல இங்க கொண்டுவந்தாங்க. என்னைக் கேட்டா அதுதான் சரி. மூச்சு வாங்கின இடத்துலயே இஞ்சினுக்கு ஓய்வு.

இப்ப தகட்டுக்கு வாங்க. பேரு டெப்லட். மலையில ஒத்தத் தண்டவாளம். எதிரும் புதிருமா ரெண்டு கோச்சி வந்தா கதை முடிஞ்சுது. அதனால அடுத்தடுத்த ரெண்டு ஸ்டேசன்லயும் கரண்டால இணைச்ச ஒவ்வொரு பெட்டி. இங்க இருக்க மாஸ்டர் மணி அடிச்சுக் கேக்கணும், அங்க இருக்கவர் சம்மதிச்சாத்தான் ஒரு தகடு வெளிய வரும். ஒண்ணு வந்துட்டா, அது திரும்ப ஒரு பெட்டிக்குள்ள போற வரைக்கும் ரெண்டு பக்கமும் பூட்டு. தலைகீழா நின்னாலும் இன்னொண்ணு வராது!

லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, வளந்தவங்களுக்கு இது புதுசா? பத்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ், ஒரே சாவி. ஆணியில சாவி தொங்கினா போகலாம். தொங்கலையா, வாளியோட வெளிய நில்லு! வெள்ளைக்காரன் இஞ்சினியர் வச்சுக் கண்டுபிடிச்சத எங்க ஆத்தா ஒரு ஆணியில முடிச்சிருச்சு.

தகட்ட ஒரு பையில போட்டு, பெரிய வளையத்துல மாட்டுவாங்க. நிக்காத ஸ்டேசன்ல கோச்சி ஓடஓட, பழைய வளையத்த வீசிட்டுப் புதுசுக்குள்ள கைய விட்டு எடுத்துக்குவாங்க. தோள்பட்டை என்னாகும்னு நினைச்சுப் பாருங்க. இத நூதனசாலையில வச்ச பிறகும், மேல நம்ம பாதையில அதே வேலை நடந்துட்டே இருந்துச்சு.

வளையம் மாத்துறத எந்த ஸ்டேசன்ல பாத்தீங்க? கமெண்ட்ல போடுங்க. அட்டன்காரங்க முதல்ல வருவீங்கன்னு தெரியும். இருங்க, கைகாட்டி இறங்குது, பதுளைக் கோச்சி வருது... கேமராவத் திருப்புறேன்.