மலைப்பள்ளி விழாக்கள் யாருக்காக?

(குன்னூரில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பழைய மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பழைய மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

புதிய கல்வியாண்டின் விழா அட்டவணையை வகுப்பதற்கு முன்பாக, மலைமேல் உள்ள கிறிஸ்தவப் பள்ளிகளின் மாணவர் வாழ்க்கையையும் பொது நிகழ்ச்சிகளையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இப்பள்ளிகளில் புகழ்வதற்குரியவை நிறைய உண்டு. அவற்றை ஆண்டுவிழா மேடைகளில் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் உடையவர்கள் பலர் இந்த அவையில் இருப்பதால், நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நாம் விழா நடத்தும்போது எந்தப் பிள்ளையை மனத்தில் வைத்து நடத்துகிறோம்?

இக்கேள்விக்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். மலைப்பள்ளிகள் இரண்டு வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. 1845-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சிக் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய வழிவந்தோர் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. நீலகிரியிலும் அவ்வாறே, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் வந்த அதே 1899-இல், குன்னூரில் ஹெப்ரோன் பள்ளி தொடங்கி, பின்னர் உதகைக்கு இடம் மாறியது. பெற்றோர் சமவெளியில் பணியாற்ற, பிள்ளைகள் மலைமேல் விடுதியில் வளர்ந்தார்கள். காலை மணி, படிப்பு மணி, உறங்கும் மணி, ஞாயிறு ஆராதனை, மாலையில் விளையாட்டு என்று அமைந்த ஒழுங்கு முழுவதும் வளாகத்துக்குள்ளேயே தங்கும் பிள்ளைக்காக உருவானது.

மற்றொரு வகை, நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் தொடங்கிய பணியிலிருந்து வருகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கசமேஜர் அதற்குப் பெருந்துணையாக இருந்தார். அங்கே பிள்ளைகள் இம்மலையின் படகர் மக்கள் வாழும் ஊர்களான ஹட்டிகளிலிருந்து நடந்து வந்து, படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். மாலையில் மாடு பிடித்துக் கட்டுவதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் அவர்களுக்கு இருந்தன. இந்த வரிசையில் பிற்காலத்தில் சேர்ந்தவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். 1964-இல் இலங்கைத் தோட்டத் தமிழரின் குடியுரிமை பற்றி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாடு ஏற்பட்டதன் விளைவாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நீலகிரியின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டபோது, திருச்சபைப் பள்ளிகள் பலவற்றின் வருகைப் பதிவேடுகளில் புதிய பெயர்கள் ஏறின.

இன்று பெரும்பாலான பள்ளிகளில் இவ்விரு வகைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் விழாக்கள் மட்டும் விடுதிப் பிள்ளைக்கென அமைந்த பழைய முறையிலேயே நடக்கின்றன. ஒத்திகை மாலை ஐந்து மணிக்கு மேல். கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கேரல் ஆராதனை இருட்டிய பின். உடைக்கும் ஒப்பனைக்கும் கட்டணம் தனி. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து வரும் பிள்ளை இவற்றில் ஏதேனும் ஒன்றில் நழுவிவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நாமே எழுதிவைக்கிறோம். இது மிக எளிதாக எழுதப்பட்டுவிடும் பொய்.

வழிபாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தமக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. அந்த உரிமையை நாம் அடிக்கடி மேடையில் எடுத்துரைக்கிறோம். 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவை அதே அளவுக்கு எடுத்துரைப்பதில்லை. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், எந்த மாணவரையும் அவருடைய இசைவின்றி, சிறுவராயின் பாதுகாவலரின் இசைவின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அது. நம் வகுப்புகளில் சிவன் கோயிலுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹெத்தை அம்மன் திருவிழாவுக்காக ஊரோடு வெண்ணிற ஆடை உடுத்திச் செல்லும் படகர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சேர்க்கையின்போது படிவத்தின் அடியில் வாங்கும் ஒரு கையெழுத்தை ஆண்டு முழுவதற்குமான இசைவாகக் கொள்வது முறையன்று. கேட்டுப் பெற்ற இசைவோடு பாடவரும் பிள்ளையின் குரல், வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளையின் குரலைவிட நன்றாகவே ஒலிக்கும் என்பது பாடகர் குழுவை நடத்தியவர்கள் அனைவருக்கும் தெரியும்.

கேரல் ஆராதனையில் ஆங்கிலப் பாடல்கள் ஒலிப்பதில் எனக்குக் குறையில்லை. நான்கு குரல்களில் பாடப் பழகுவது நல்ல பயிற்சிதான். ஆயினும் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நமக்கென்று கீர்த்தனைகள் இருக்க, அவற்றை நிகழ்ச்சி நிரலின் கடைசியில், கூட்டம் எழுந்து போகும் நேரத்தில் ஒன்றாகச் சேர்த்துவைப்பது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. தோட்டத்திலிருந்து வரும் தாய்மார் கூடச் சேர்ந்து பாடக்கூடியவை அவைதாம்.

விழாக்களிலே எனக்கு மிகவும் பிடித்தது, விளைச்சலுக்கு நன்றி செலுத்தும் அறுப்பின் பண்டிகை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, பூண்டு என்று இம்மலையின் விளைச்சல் முழுவதும் ஆலயத்தின் முன்பகுதியில் குவிந்துவிடும். கொஞ்ச நிலம் வைத்திருப்பவர் மூட்டையாகக் கொண்டுவருவார். நிலமில்லாதவர் நாலு முட்டையோ வீட்டில் வளர்த்த கோழியோ கொண்டுவருவார். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காயை ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துவிட்டு மறுபடியும் காணிக்கையாகவே கொடுத்துவிட, அது இன்னொருவரால் எழுநூறுக்கு எடுக்கப்படும். ஏலம் கூறுபவரின் வாய்ச்சாலத்துக்கு ஏற்பத் தொகை ஏறும். இதனைச் சபைப் பெரியவர்களிடம் விட்டுவிடாமல் ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துப் பாருங்கள். ஒருவர் ஏலம் கூற வேண்டும், ஒருவர் பதிவேட்டில் எழுத வேண்டும், ஒருவர் பணத்தை வாங்கி எண்ண வேண்டும், மாலையில் கணக்கு நேராக வேண்டும். கூச்சம் உள்ள பிள்ளை எனினும், தன் தகப்பனார் கொண்டுவந்த பூண்டின் விலை தெரிந்த பிள்ளை அங்கே தலைநிமிர்ந்து நிற்கும். விடுதியில் வளரும் பட்டணத்துப் பிள்ளை அன்றுதான் உருளைக்கிழங்கு எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று பக்கத்து இருக்கைத் தோழனிடம் கேட்டு அறிகிறது. இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகும் நாள் ஆண்டில் அது ஒன்றுதான்.

அசனம் என்னும் பொது விருந்தும் அப்படிப்பட்டதே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் கொண்டுவந்த வழக்கம் இது. ஏழை பணக்காரர் வேறுபாடின்றி, வெளியார் உள்பட எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே சோற்றை உண்பார்கள். பள்ளியில் இதனை நடத்தும்போது தலைமையாசிரியரும் தோட்டக்காரரும் ஒரே வரிசையில் அமர வேண்டும். பரிமாறுவது உயர்வகுப்பு மாணவர்களாக இருக்க வேண்டும். பிரமுகர்களுக்கென்று தனி அறையில் தனி உணவு வைப்பதாயின் அதற்கு அசனம் என்ற பெயர் வேண்டாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் நெகிழித் தட்டுகளை 2019 ஜனவரி முதல் மாநிலம் முழுவதும் தடை செய்திருக்கிறார்கள். நீலகிரியில் அந்தக் கட்டுப்பாடு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. எவர்சில்வர் தட்டுகளை வாங்கிவைத்து, கழுவும் முறையை வகுப்புவாரியாகப் பிரித்துவிட்டால் போதும்.

ஆண்டுவிழாவைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை குறைவு. வெளியூரிலிருந்து ஒளியமைப்பாளரையும் நடன ஆசிரியரையும் தொகுப்பாளரையும் கூலிக்கு அமர்த்தி நடத்தப்படும் நிகழ்ச்சியில் மாணவருக்கு எஞ்சுவது ஆடும் வேலை மட்டுமே. சிறப்பு விருந்தினர் தாமதமாக வர, மெல்லிய பட்டாடை அணிந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குளிரில் நடுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவில் பாதியையேனும் ஏழை மாணவரின் கல்விச் சுற்றுலாவுக்கு ஒதுக்கலாம்.

நாட்களைத் தெரிவு செய்வதில் மழையைக் கேட்க வேண்டும். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மழைதான் பெரிது. 2009 நவம்பரில் இப்பகுதியில் மண் சரிந்து பலர் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனவே நம் பக்கத்துப் பள்ளிகள் நவம்பரில் விளையாட்டு விழா வைப்பது ஆபத்தான பிடிவாதம். ஆகஸ்டோ பிப்ரவரியோ பொருத்தமாக இருக்கும். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் சாலை நெருக்கடியும், நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 முதல் வந்துள்ள இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டு நடைமுறையும் வெளியூர்ப் பெற்றோருக்கு வேறு சிரமம்.

இறுதியாக நேரம். மாலையானதும் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் காட்டெருமையும் கரடியும் இறங்கிவிடுகின்றன. தோட்டத்துக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளை அந்தப் பாதையில்தான் நடக்க வேண்டும். ஆகவே இவ்வாண்டு அட்டவணையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே, அது தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதுங்கள். அந்த நேரம் மாலை நான்கைத் தாண்ட வேண்டாம். கேரல் ஆராதனையைப் பகலிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒத்திகையை மதிய உணவு இடைவேளைக்கும் கடைசிப் பாடவேளைக்கும் மாற்றுவதற்குத் தலைமையாசிரியர் இசைந்தால், எந்தெந்தத் தோட்டத்துக்கு எப்போது கடைசிப் பேருந்து என்ற பட்டியலைப் பெற்றோர் சங்கத்தார் இந்த வாரத்துக்குள் தயாரித்துக் கொடுத்துவிடலாம்.