மழையில்லா மாதத்தில் வரும் வெள்ளம்

[காட்சி: வானிலிருந்து ஓகவாங்கோ, ஆப்பிரிக்காவின் தெற்கே போட்ஸ்வானா நாட்டில் உள்ள சதுப்பு நிலம். பழுப்பு மணலுக்கு நடுவே விரித்த கை போல ஒரு பச்சை.]

ஜூலை மாதம். போட்ஸ்வானாவில் மழை நின்று பல வாரங்கள் ஆகிவிட்டன. புல் காய்ந்து கிடக்கிறது. குட்டைகள் வற்றிவிட்டன. வண்டி போனால் ஆளுயரப் புழுதி. இந்த நேரத்தில்தான் இங்கே வெள்ளம் வருகிறது.

எங்கிருந்து? அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் பெய்த மழை இது. ஓகவாங்கோ ஆறாக நமீபியாவின் ஒரு கீற்றைத் தாண்டி போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. நுழைந்த பிறகு ஓட்டம் இல்லை. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஓரடிதான் சரிவு. நாணலுக்குள்ளும் பாப்பிரஸ் கோரைக்குள்ளும் ஊர்ந்து ஊர்ந்து, மறுகோடியில் இருக்கும் மவுன் நகரைத் தொட மாதக்கணக்காகும். இந்த ஆறு கடலைப் பார்ப்பதே இல்லை. பெரும்பகுதி ஆவியாகிவிடும். கொஞ்சத்தைக் கலகாரி மணல் குடித்துவிடும்.

[காட்சி: ஒரு கறையான் புற்று. கேமரா மேலே எழ எழ, அது ஒரு தீவு என்று தெரிகிறது.]

இவ்வளவு தண்ணீர் ஆவியானால் உப்பு மிஞ்ச வேண்டுமே? இந்த இடமே உப்பளமாகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை. உப்பை ஒதுக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் கறையான். வெள்ளம் எட்டாத உயரத்துக்குப் புற்று எழும்புகிறது. பறவை எச்சத்தில் விழுந்த விதை அதன்மேல் முளைத்து மரமாகிறது. மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சி இலை வழியே வெளியேற்ற, உப்பு தீவின் நடுவே, மண்ணுக்கடியில் தங்கிவிடுகிறது. சுற்றியுள்ள தண்ணீர் நன்னீராகவே இருக்கிறது. யானையும் சிங்கமும் தேடி வரும் நீர்நிலைக்குப் பின்னால் ஒரு பூச்சியின் உழைப்பு! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

நீர்யானைக்கும் இதில் பங்கு உண்டு. அது போய்வரும் தடங்களே நாணல் காட்டுக்குள் கால்வாய்களாகின்றன.

[காட்சி: மொரேமி. ஆழமில்லாத நீரில் சிவப்பு லெச்வே மான்கள் ஓடுகின்றன.]

வேட்டையால் விலங்குகள் அருகிவருவதைக் கண்ட பதவானா மக்கள், 1963-இல் தங்கள் சொந்த நிலத்தையே இந்த மொரேமி காப்பகமாக ஒதுக்கினார்கள். அப்போது அவர்களுடைய ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் புலானே மொரேமி என்ற பெண்மணி. நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே!

தெற்கே நடந்தது வேறு கதை. 50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த மத்தியக் கலகாரிக் காப்பகம் 1961-இல் அமைந்தது. அது சான் மக்களின் பூர்வீக நிலமும்கூட. 1997-லும் 2002-லும் அரசு அவர்களை வெளியே குடியமர்த்தியது. மக்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காட்டைக் காப்பதற்காக, அந்தக் காட்டை அறிந்த மனிதரையே அகற்றுவது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

[காட்சி: மக்காடிக்காடி. கண்ணெட்டும் தூரம் வரை வெள்ளை.]

இது பழைய பேரேரி ஒன்று வற்றிய உப்புத் தரை. மழை தேங்கினால் பூநாரைகள் வந்து இறங்கும். வடக்கே சோபே தேசியப் பூங்காவில், வறட்சி ஏற ஏற யானைகள் ஆற்றங்கரையில் குவியும். உலகிலேயே அதிக யானைகள் வாழும் நாடு இதுதான். ஒரு லட்சத்துக்கு மேல்.

[காட்சி: மவுன். தமலகானே ஆற்றின் காய்ந்த படுகை.]

பார்த்துக்கொண்டே இருங்கள். வெடித்த மண்மேல், சருகுகளைத் தள்ளிக்கொண்டு, மெல்லியதாக ஒரு நீர்விளிம்பு வருகிறது. அங்கோலாவில் பெய்த மழை இங்கே வந்து சேர்ந்துவிட்டது.