பலூனா, பைபாஸா? முதலில் நாளத்தைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது, நடந்தால் மறுபடி பிடிக்கிறது. வாதம் என்று வீட்டில் எண்ணெய் பூசுவார்கள். பலருக்கு அது காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் அடைப்பு. சுருட்டும் சீனி வருத்தமும் சேர்ந்தால் அடைப்பு வேகமாக முற்றும். படுத்தாலும் பாதம் வலிக்கிறது, விரல் புண் ஆறாமல் கறுக்கிறது என்றால் ஒரு கிழமைகூடக் காத்திருக்காதீர்கள். அந்தக் கட்டத்தில்தான் கேள்வி வரும்: கீறி பைபாஸ் செய்வதா, ஊசித் துளை வழியாகப் பலூன் விட்டு அடைப்பை விரிப்பதா?

ஊசித் துளை வழி பிறந்த கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1964 ஜனவரி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம். 82 வயது அம்மா ஒருவருக்குப் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் மாட்டேன் என்று நின்றார். எக்ஸ்ரே வைத்தியர் சார்ள்ஸ் டொட்டர் தொடை நாடிக்குள் மெல்லிய குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்தி, ஒடுங்கிய இடத்தை விரித்தார். பலூன்கூட அப்போது இல்லை! குளிர்ந்த பாதம் சூடு பிடித்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல், சாகும்வரை, அந்த அம்மா தன் காலிலேயே நடந்தார்.

இதைக் கேட்டால், "அப்ப கீறாமலே செய்யுங்கோ டொக்டர்" என்பீர்கள். கிளினிக்கில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், பிள்ளைகள் இன்னும் அவசரமாக. நான் முதலில் காலின் உள்பக்கத்து நாளத்தை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை, ஸ்கான் செய்யச் சொல்வேன். பைபாஸில் அடைப்பைத் தாண்டி இரத்தம் போக அந்த நாளத்தைத்தான் பொருத்துகிறோம். இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ என்ற ஆய்வில், நல்ல நாளம் உள்ளவர்களுக்கு பைபாஸே மேலாக நின்றது: காலை இழந்தவர்களும் குறைவு, திரும்பப் பெரிய சிகிச்சைக்கு வந்தவர்களும் குறைவு. அடுத்த ஆண்டு வந்த பேசில்-2 என்ற இன்னோர் ஆய்வு, முழங்காலுக்குக் கீழ் அடைப்புள்ளவர்களைப் பார்த்தது. அங்கே பலூன் வழியில் தொடங்கியவர்களே கூடுதலாகக் காலோடும் உயிரோடும் இருந்தார்கள். ஆக, அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம், இதயம் தாங்குமா எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் நாளத்தைப் பார்க்காமல் முடிவு எடுக்கவே கூடாது. திரும்பவும் சொல்கிறேன், "நாளத்தைப் பார்த்தீர்களா?" என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நடைப்பயிற்சி பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். சரி, சுருக்கமாக: நடந்தால் மட்டும் வலிப்பவர்கள் உடனே பலூனுக்கோ பைபாஸுக்கோ ஓட வேண்டாம். புகையை விடுங்கள், மருந்தை ஒழுங்காகக் குடியுங்கள், வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடங்கள். சீனி உள்ளவர்கள் மத்தியான வெயிலில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு போக வேண்டாம். இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். வணக்கம்.