வாய்தா தேதிய போன் பண்ணி சொல்லுங்க

வணக்கம். கேட்டுட்டிருக்கிற எல்லாருக்கும், முக்கியமா இந்த வருஷம் என்ரோல் ஆகி கோட்டு இன்னும் வெளுக்காம இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு. ரேடியோ நிலையத்துலேர்ந்து கூப்பிட்டு, 'சார், வக்கீலுங்க கேஸ் பிடிக்கிறது எப்படின்னு பேசுங்க'ன்னாங்க. பிடிக்கிறதுதாம்மா தப்பேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

வக்கீலுங்க நடத்தைக்கு ரூல் போடுற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட ரூல் 36 அதத்தான் சொல்லுது. விளம்பரம் கூடாது, புரோக்கர் வெக்கக் கூடாது, நாம நடத்துற கேஸ் விஷயமா பேப்பர்ல போட்டோ வர வைக்கக் கூடாது. வாசல்ல மாட்டுற போர்டு கூட அளவாத்தான் இருக்கணும், அதுல சங்கத் தலைவர், கிரிமினல் ஸ்பெஷலிஸ்ட்னெல்லாம் போடக் கூடாது (உங்க ஊர்ல எத்தன போர்டு அப்படி இருக்குன்னு நான் கேக்கல). 2008ல கொஞ்சம் இறங்கி வந்தாங்க. வெப்சைட் வெச்சுக்கலாம், பேரு, அட்ரஸ், என்ரோல்மென்ட் நம்பர், படிப்பு, எந்த மாதிரி கேஸ் பாக்குறோம், அவ்ளோதான். 2024 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட், வக்கீலுக்கு ஸ்டார் ரேட்டிங் போட்டு ரேட் சொல்ற ஆன்லைன் கம்பெனிங்க விஷயத்துல கடுமையாவே ஆர்டர் போட்டுச்சு.

அமெரிக்காவுல கத வேற. 1976ல அரிசோனாவுல ரெண்டு இளம் வக்கீலுங்க, நியாயமான ஃபீஸ்னு பேப்பர்ல விளம்பரம் கொடுக்கப் போயி, அங்க உள்ள பார், அதாவது வக்கீலுங்க அமைப்பு, நடவடிக்கை எடுத்து, கடைசியில 1977ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4னு அவங்க பக்கம் சாஞ்சுது. இன்னிக்கு அங்க ரோட்டோரம் வக்கீல் மூஞ்சிதான். நமக்கு அந்த வழி இல்ல. அது குறைன்னு நான் நெனைக்கவும் இல்ல.

ஏன்னா எனக்கு கேஸ் வந்த வழி வேற. ஜூனியரா இருந்தப்போ சீனியர்கிட்ட ஒரு பாகப்பிரிவினை கேஸ் கட்டு. கட்சிக்காரர் பெரியவர், மொத பஸ் பிடிச்சு வந்து கோர்ட்டு வராண்டாவுல மதியம் வரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம்தான் ஜட்ஜ் லீவுன்னு நான் போயி சொல்றேன். அவரு கோபப்படல. 'நேத்தே தெரியும்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா தம்பி, மாட்டுக்குத் தண்ணி கூட காட்டாம வந்துட்டேன்'னாரு. எனக்கு முந்தின நாளே தெரியும், அதான் விஷயம். அன்னிக்கு அவரு பஸ் டிக்கெட் பின்னாடியே அடுத்த வாய்தா தேதிய எழுதிக் கொடுத்துட்டு, அவங்க ஊரு டீக்கடை போன் நம்பர வாங்கிக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின சாயங்காலம் டீக்கடைக்கு போன். போன் வந்தா கடையில இருக்கிற அத்தன பேருக்கும் கேக்குமே, ரெண்டு வருஷத்துல அந்த ஊரு வரப்புத் தகராறு, ஜீவனாம்சம், செக் கேஸ் எல்லாம் என் மேஜைக்கு வந்துச்சு, நான் ஒருத்தர்கிட்டயும் வாங்கன்னு சொன்னதில்ல.

இப்ப கோர்ட்டோட இ-கோர்ட்ஸ் ஆப்ல, போன்லயே தேதி வருதே சார்ம்பீங்க. தேதி வரும், ஆனா அன்னிக்கு ஆஜராகணுமா, என்ன நடக்கும், ஏன் தள்ளிப் போச்சுன்னு அவருக்கு யாரு சொல்றது?

அப்புறம் ஃபீஸ். மொத நாளே ஸ்டேஜ் ஸ்டேஜா எவ்வளவுன்னு பேப்பர்ல எழுதிக் கொடுங்க, ரசீது கொடுங்க. ஜெயிச்சா பங்குங்கிறது ரூல் 20 படி கூடவே கூடாது. நிக்காத கேஸ்னா நிக்காதுன்னு சொல்லிடுங்க. அன்னிக்கு ஒரு வக்காலத்து போகும், பரவாயில்ல, அந்த ஆளே அடுத்த வருஷம் மச்சானக் கூட்டிட்டு வருவாரு.

வசதியில்லாதவங்களுக்கு இலவசமா வக்கீல் கொடுக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழு பேனல்ல சேருங்க, காசு கம்மிதான், ஆனா ஜட்ஜுக்கும் பக்கத்து சீட் வக்கீலுக்கும் உங்க குரல் பழகும். வேற கோர்ட்டுல வேலை இருக்கிற வக்கீலு தன் கேஸ் கட்டை யாருகிட்ட கொடுப்பாரு? நேரத்துக்கு வர்றவன்கிட்டதான். சட்ட விழிப்புணர்வு முகாம்ல பேசப் போனா விசிட்டிங் கார்டை வீட்டுல வெச்சுட்டுப் போங்க. பாக்கெட்ல இருந்தா கை தானா போகும், எனக்கே போயிருக்கு.

டைம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தாண்ட கை காட்டுறாங்க. எனக்கும் கிளம்பணும், நாளைக்குக் காலைல ஒரு வாய்தா, கட்சிக்காரருக்கு இன்னும் போன் போடல.