வெள்ளச்சியின் உதறல் நின்றது: 6,500 ரூபாய் கார்ப்பரேட்டரும் 70 ரூபாய் ஹோஸும்

வணக்கம் மக்களே. முதலில் இதைப் பாருங்கள். வரக்காப்பி டம்ளரை ஏர் ஃபில்டர் மூடி மேலேயே வைத்திருக்கிறேன். இன்ஜின் ஓடுகிறது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை! போன வீடியோவில் இதே வண்டி ஆடிய ஆட்டத்தில் கேமரா ஸ்டாண்டே கீழே விழுந்தது, ஞாபகம் இருக்கிறதா?

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. வெள்ளச்சி 1998 மாருதி 800. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டர் வைத்த வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி. சிக்னலில் நின்றால் உதறினாள், மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்கித் திக்கிப் போனாள். மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போகிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பேர் வேண்டாம். பானெட்டைத் திறந்தார், இரண்டு நிமிஷம் காது கொடுத்தார், "கார்ப்பரேட்டர் போச்சும்மா, 6,500 ஆகும்" என்றார். சிலிண்டருக்குள் பொறி போடும் பிளக் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை! எனக்கு ஆகாத விஷயம் இரண்டு. ஒன்று ரவா உப்புமா. இன்னொன்று, பிளக்கைப் பார்க்காமல் கார்ப்பரேட்டர் மேல் பழி போடுவது. ஒரே கார்ப்பரேட்டர்தானே மூன்று இலைக்கும் பரிமாறுகிறது? அதில் கோளாறு என்றால் மூன்று சிலிண்டருமே முனக வேண்டாமா?

சரி, ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். இன்ஜினை ஓடவிட்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நல்ல சிலிண்டரின் ஒயரை எடுத்தால் உதறல் இன்னும் மோசமாகும். செத்த சிலிண்டரின் ஒயரை எடுத்தால் இன்ஜினுக்குச் சொரணையே இருக்காது. ஒன்றாவதை எடுத்தேன், துடித்தாள். இரண்டாவதை எடுத்தேன், நின்றே போனாள். மூன்றாவதை எடுத்தேன், அப்படியே ஓடிக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டது திருடன்.

மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் ஏன் இவ்வளவு ஆட்டம் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். பிஸ்டன்கள் தள்ளிச் சுற்றும் தண்டு, அதாவது கிராங்க், 240 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிய வேண்டும். ஒன்று விட்டுப்போனால் 480 டிகிரிக்குத் தள்ள ஆளே இல்லை. அந்த இடைவெளிதான் உங்கள் இடுப்பில் வந்து இடிக்கிறது.

மூன்றாவது பிளக்கைக் கழற்றினேன். கருப்பாக, ஈரமாக, பெட்ரோல் வாடை. அதாவது இலையில் சோறு விழுந்திருக்கிறது, அடுப்புதான் பற்றவில்லை. பிளக்கை ஒன்றாவதோடு மாற்றிப் போட்டேன். அப்போதும் மூன்றாவதுதான் செத்தது. ஆக, பிளக் மேல் குற்றமில்லை. ஒயரையும் மாற்றிப் போடலாம் என்றால் நீளம் எட்டவில்லை.

ஐயோ, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒயரை வெறும் கையால் பிடிக்காதீர்கள், ஷாக் தோள் வரை ஏறும். ரப்பர் பிடி போட்ட இடுக்கி வேண்டும். கழற்றிய ஒயரை அந்தரத்தில் தொங்க விடாமல், முனையில் ஒரு பழைய பிளக்கை மாட்டி அதை இன்ஜின் இரும்பில் தொட வையுங்கள். எம்பிஎஃப்ஐ, அதாவது கார்ப்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் பீய்ச்சும் வண்டிக்காரர்கள் பலருக்கு இது தேவையே இல்லை. வண்டியில் ஓபிடி, அதாவது தன் கோளாறைத் தானே குறித்து வைக்கும் வசதி, இருந்தால் ஸ்கேனர் போட்டாலே சொல்லிவிடும்: பி0301 என்றால் ஒன்றாவது சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது, பி0300 என்றால் கண்டபடி மிஸ்ஸிங்.

அப்புறம் இருட்டும் வரை காத்திருந்தேன். ஷெட் லைட்டை அணைத்துவிட்டு, அம்மா துணி தேய்க்கும்போது தண்ணீர் அடிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் லேசாகத் தூவினேன். மூன்றாவது ஒயரின் நடுவில் இருந்த வெடிப்பிலிருந்து இன்ஜின் ஹெட்டுக்கு நீல நூல் மாதிரி ஒரு பொறி! டிக் டிக் டிக் என்று பாய்கிறது. என்ன அழகு! அம்மாவையே கூப்பிட்டுக் காட்டினேன், "தோசை கருகுது" என்று போய்விட்டார். மிதித்தால் ஏன் திக்கியது என்பதும் இப்போது புரிந்திருக்கும். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், பிளக்கில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அவ்வளவு சிரமம் எதற்கு என்று கரண்ட், ஒயரின் வெடிப்பு வழியாகவே ஓடிவிடுகிறது.

ஒயர் செட் 480 ரூபாய். மாட்டினேன், திக்கல் போச்சு. ஆனால் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது மட்டும், கால்வாசி உதறல் மிச்சம். மிதித்தால் சுத்தம், விட்டால் உதறல். எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. ஐடிலில், காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், இன்ஜின் குடிப்பதே கொஞ்சம் காற்றுதான், அதில் சின்ன ஓட்டை வழியாக வருவதுகூடப் பெரிய பங்கு. மிதித்துவிட்டால் அது கணக்கிலேயே வராது. பலபேர் கார்ப் கிளீனரை, அதாவது சட்டென்று தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயை, பீய்ச்சித் தேடுவார்கள். சூடான இன்ஜின் மேல் அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு தேடினேன். சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் சின்ன ரப்பர் ஹோஸ் ஒன்று, கார்ப்பரேட்டருக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில் "ஸ்ஸ்" என்றது. விரலால் அமுக்கினேன், உதறல் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி உதறல். இதையே ஒரு பத்துத் தடவை செய்திருப்பேன், வெட்கமே இல்லாமல்.

இனிமேல்தான் எரிச்சல். எனக்குத் தேவை ஒரு ஜாண் ஹோஸ். கடைக்காரர் மீட்டர் கணக்கில்தான் தருவாராம். மீட்டர் 70 ரூபாய். "அண்ணா, ஒரு ஜாண் போதும்." "வெட்டினா மிச்சத்தை யாரும்மா வாங்குவா?" "உங்களைப் போலவே நானும் அதைத்தான் கேட்கிறேன்." இருபது நிமிஷம் பேரம். 6,500-ஐ மிச்சம் பிடித்தவள் 70 ரூபாய்க்கு நின்று சண்டை போடுகிறாள் என்று சிரிக்காதீர்கள். இது கொள்கை. கடைசியில் முழு மீட்டரும் வாங்கினேன்.

இன்னொன்றும் விட்டுப்போச்சு. ஹோஸை மாட்டியதும் இன்ஜின் ஓவென்று அலறியது. எதையோ கெடுத்துவிட்டேன் என்று பதறிப் பார்த்தால், அந்த மெக்கானிக் மகராசன் போகிற போக்கில் ஐடில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குருவை ஏற்றி வைத்திருக்கிறார்! உதறல் தெரியக் கூடாதாம். பெட்ரோல் போவது யார் காசில்? வெள்ளச்சிக்கு இன்ஜின் சுற்று வேகம் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, என் காதுதான் மீட்டர். திருப்புளியால் மெல்ல மெல்ல இறக்கினேன். அதனால்தான் இந்த டம்ளர் இப்படி நிற்கிறது.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வாங்கி வைத்திருந்தேன், அதைப் பிரிக்கும் வேலையே வரவில்லை. மீதி முக்கால் மீட்டர் ஹோஸ் இதோ, ஆணியில் தொங்குகிறது. பழைய 800 வைத்திருப்பவர்கள் யாராவது கேளுங்கள், ஜாண் கணக்கில் தருகிறேன். அடுத்த வீடியோவில் கேஜைப் பிரித்து மூன்று சிலிண்டரையும் அளந்துவிடலாம்... அம்மா, வர்றேன்!